ஏரிக்கு விட்ட மீன்

அறுபத்தெட்டில் தென்னேரி ஏரியில் மீன் பிடிக்கும் மீன்பாசிக் குத்தகை கண்ணாயிரத்திடம் இருந்தது. கெண்டைக்குஞ்சு வாங்கி விட்டிருந்தார். கெண்டை ஐஸில் மெட்ராஸ் போகும், நல்ல விலை. ஆனால் வலையில் ஏறியதெல்லாம் ஜிலேபிக் கெண்டை; பெயரில்தான் கெண்டை, ஜாதி வேறு. ஏழைகளுக்கு மலிவான மீன் என்று வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்தது. உள்ளங்கையளவுக்கு மேல் வளராமல் பெருகி, கெண்டையின் இரையைத் தின்றது. தறிக்காரத் தெருக்களில் கூறு போட்டு விற்கலாம், அவ்வளவுதான்.

நான் மீன் இலாகா. கோடையில் ஏரி வற்றி ஒரு மடுதான் மிஞ்சியது. அதை வலை போட்டு ஒட்ட அரித்துவிட்டால் மழைக்குப் பிறகு கெண்டை மட்டும் வளர்க்கலாம் என்றேன். குஞ்சு இலாகா கடனில் கொடுக்கும். வலைக்கூலி அவருடையது. அதற்காகக் கண்ணாயிரம் ஜோடி மாட்டை விற்றார்.

என் மனைவி வத்ஸலாவும் அவள் வயிற்றில் இருந்ததும் போன பிறகு எனக்கு வெளியூர் கேம்ப் வசதியாக இருந்தது. யாரோடும் பேச வேண்டியதில்லை. மீன் விற்கும் வள்ளி மட்டும் விடமாட்டாள். மோந்துகூடப் பார்க்காத சின்ன காஞ்சிபுரத்து ஐயர் மீனுக்கு வைத்தியம் பார்க்கிறார் என்பாள்.

மடுவை அரித்த கடைசி நாள். வள்ளி கூடையிலிருந்து ஒரு மீனை எடுத்துக்கொண்டு தண்ணீரோரம் போனாள். ஏரியைத் துடைத்து எடுக்கக்கூடாது, ஒன்றைக் கங்கையம்மனுக்கு உயிரோடு விட வேண்டுமாம். கையில் இருந்தது தாய் ஜிலேபி. வாய் உப்பியிருந்தது.

"அதை விடாதேம்மா. வாய் நிறையக் குஞ்சு வச்சிருக்கு. அது ஒண்ணே ஏரியை ரொப்பிடும்."

"புள்ளத்தாச்சியக் கொன்னுட்டு எந்த மொகத்தோட அம்மன் கிட்ட மழை கேக்கறது, ஐயரே?"

ஆண் மீனாக விடச் சொன்னேன். கையில் எடுத்ததை மாற்றக்கூடாதாம். வலைக்காரர்கள் வலையைக் கீழே போட்டுவிட்டுக் கரையில் உட்கார்ந்தார்கள்.

கண்ணாயிரம் அவர்களைப் பார்த்தார். மீனைக் கொன்றால் அடுத்த வருஷம் இந்த ஏரியில் ஒருவனும் இறங்கமாட்டான். ஆளில்லாத குத்தகை எதற்கு? சேற்றில் இறங்கி, வள்ளியிடமிருந்து மீனை வாங்கி, அவரே மடுவில் விட்டார்.

கரையேறி வந்து, "இப்ப குஞ்சு வாங்கலாமா, சார்?" என்றார்.

வேண்டாம் என்றேன். வாங்கினால் கடனும் சேர்ந்து முழுகும். ஜிலேபியையே பெருகவிட்டு, தினமும் அரித்துத் தறித்தெருவுக்கு அனுப்பினால் குத்தகைப் பணமாவது தேறும்.

"அது மாட்ட விக்காமயே நடந்துருக்குமே, சார்."

ஆமாம் என்றேன். அவர் காலைக் கழுவ மறுபடியும் மடுவில் இறங்கினார்.