மாடி வீட்டுச் சிரிப்பு

பெயின்ட் கடையில் டப்பாவைக் குலுக்கும் மிஷின் ஓட ஆரம்பித்தால் வாடிக்கையாளர்கள் காதைப் பொத்திக்கொண்டு தெருவுக்கே போய்விடுவார்கள். கலர் கலந்து அதை ஓட்டுகிற கலர்க்காரன் மட்டும் அசைய மாட்டான். சுவிட்ச் அவன் கையில் இருக்கிறதே! எப்போது வரும் என்று தெரிந்த சத்தம் அவனை ஒன்றும் செய்யாது. வீட்டில் ஒரு கரண்டி கைதவறி விழுந்தால் போதும், நெஞ்சு படபடத்து, உள்ளங்கை வேர்த்து, வாயில் வரக்கூடாத வார்த்தையெல்லாம் வந்துவிடும்.

டாக்டர் மாத்திரை கொடுத்தார். மூச்சை மெதுவாக இழுத்து விடச் சொன்னார். அவனும் பாவம், இழுத்து விட்டுக்கொண்டுதான் இருந்தான். மிச்சத்தை வீடு பார்த்துக்கொண்டது. மனைவி நாற்காலிக் கால்களுக்கெல்லாம் பழைய துணி கட்டினாள், குக்கரைத் தூக்கிப் பரணில் போட்டாள். மகள் ஒன்பது வயதிலேயே கதவை இரண்டு கையாலும் பிடித்துச் சாத்தப் பழகிவிட்டாள்.

"நம்ம வீட்டுக்குத் திருடன் வந்தாக்கூட தும்மலை அடக்கிக்கிட்டுத்தான் திருடணும்" என்பாள் மனைவி. அதையும் மெதுவாகத்தான் சொல்வாள்.

அவனோ, "எம் பொண்ணு இருக்கிற இடமே தெரியாது" என்று கடையில் பீற்றிக்கொள்வான். அதில் பீற்றிக்கொள்ள என்ன இருக்கிறது என்று அவனை யாரும் கேட்கவில்லை.

அன்று சாயங்காலம் நாலு மணிக்குக் கரன்ட் போனது. மிஷின் ஓடாத கடையில் அவனுக்கு என்ன வேலை? முதலாளி வீட்டுக்குப் போகச் சொல்லிவிட்டார். மருந்துக்கடையில் வேலை பார்க்கும் மனைவி திரும்ப இருட்டிவிடும். பள்ளிக்கூடம் விட்டு, அம்மா வரும்வரை மகள் எங்கே இருப்பாள் என்று அவன் ஒருநாளும் கேட்டுக்கொண்டதில்லை. காலி வீட்டில் நிம்மதியாகப் படுத்தான். கண் செருகுகிற நேரத்தில் மாடி வீட்டில் ஒரு சிறுமி சிரித்தாள்.

சிரிப்பா அது! தகரத்தில் கல்லைக் கொட்டியது போல் வந்தது. நின்றது. மூச்சு வாங்கிக்கொண்டு மறுபடியும் வந்தது. தலையணையால் காதை அடைத்தான், டாக்டர் சொன்ன மூச்சையெல்லாம் விட்டுப் பார்த்தான். அடுத்தது எப்போது வருமோ என்று காத்துக்கிடப்பது சிரிப்பைவிடக் கொடுமையாக இருந்தது. பொறுக்க முடியாமல் எழுந்து விறுவிறுவென்று படியேறினான்.

மாடியில் குடியிருந்த தையல்காரம்மா கழுத்தில் இஞ்ச் டேப்போடு கதவைத் திறந்தாள்.

"உங்க பொண்ணைக் கொஞ்சம் அடக்கி வாசிக்கச் சொல்லுங்கக்கா. இப்படியா பிள்ளை வளக்கிறது? கீழ மனுசன் இருக்க வேணாமா?"

அவள் பேந்தப் பேந்த விழித்தாள். "எம் பொண்ணா? எனக்கு ரெண்டும் பசங்கண்ணே."

"அப்ப சிரிச்சது யாரு?"

அவள் சங்கடத்தோடு விலகி நின்றாள். உள்ளே வெட்டுத்துணிக் குவியலில் இரண்டு பையன்கள் உட்கார்ந்திருந்தார்கள். அவர்களுக்கு நடுவில் அவன் மகள், இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு.

பெற்ற பிள்ளையின் சிரிப்பு அவனுக்கு அடையாளம் தெரியவில்லை. தெரிய, அவன் அதைக் கேட்டிருந்தால்தானே! அவனுக்கு வெட்கமாகப் போயிற்று.

மகள் எழுந்து வந்தாள். "சாரிப்பா. நீங்க வந்தது எனக்குத் தெரியாது."

"ஐயோ, இல்லம்மா." அவள் முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்தான். "நீ விளையாடு. சிரி. எவ்ளோ சத்தமா வேணாலும் சிரி."

மனசாரத்தான் சொன்னான். ஆனால் சொல்லி வாய் மூடுவதற்குள், சிரித்துத் தொலைத்துவிடுவாளோ என்று அவன் தோள் தானாக இறுகியது. குழந்தை அதைப் பார்த்தாள். அப்பா முகத்தைப் பார்த்து நடந்துகொள்ள அவளுக்குச் சொல்லித் தரவா வேண்டும்?

அவன் கையைத் தன் கைகளுக்குள் பிடித்துக்கொண்டாள்.

"பரவால்லப்பா. நீங்க கடைக்குப் போனப்புறம் சிரிச்சுக்கறேன்" என்று அவனைச் சமாதானப்படுத்தினாள்.