சிமியோன் போடாத கறுப்புக் கண்ணாடி

"இருபது வரியமா ஒட்டுறன்! எனக்குப் பெயில் போட உந்தப் பெட்டை ஆர்?"

"பெட்டையை ஏன் பேசுறியள்? கண்ணாடியைப் போடுங்கோ எண்டு கலியாணம் கட்டின நாளிலை இருந்து நான் கத்தேல்லையோ?"

குருநகரில் வெல்டிங்காரன் சிமியோனும் மனைவி ஷெரோனும் சண்டை பிடித்தால், பக்கத்து வீட்டார் மதிலோரம் வரத் தேவையில்லை. நாங்கள் வந்தோம், அது வேறு.

விஷயம் இதுதான். கட்டாரில் ஒரு கம்பனி சிமியோனை எடுக்கத் தயார். தொழிற் சான்றிதழ் மட்டும் வேண்டுமாம். அனுபவசாலிகள் ஒருநாள் வேலை செய்து காட்டினால் போதும். ஆனால் சிமியோனுக்குக் கறுப்புக் கண்ணாடி என்றால் இளக்காரம். இடக்கண்ணை மூடி, வலக்கண்ணால் குறி பார்த்து, வெறும் முகத்தோடு ஒட்டுவான். அதை வேடிக்கை பார்க்கவே ஆட்கள் கூடுவார்கள். பொழுதுபட்டால் கண்ணில் மணல் கொட்டியதுபோல எரியும். எரியும் கண்ணில் விட, ஷெரோன் கிண்ணத்தோடு தாய்ப்பால் கேட்டு அலைவாள். எந்த வீட்டில் பிள்ளை பிறந்தது என்று சுவாமியாருக்கு முன்னமே அவளுக்குத் தெரியும்.

சோதனையன்றும் அப்படியே தொடங்கினான். பரீட்சகராக வந்த உரும்பிராய் வித்தியா, வெல்டிங் கம்பி இரும்பில் பட்டதுமே மின்சாரத்தை நிறுத்திப் பெயில் போட்டுவிட்டாள்.

மறுநாள் காலை, நியாயம் கேட்கப் பயிற்சி நிலையத்துக்குப் போனான். கைகலப்பு வராமல் பார்க்க ஷெரோனும் கூடப் போனாள். வித்தியா முடிவுத்தாளை நீட்டினாள்.

"வாசியுங்கோ அண்ணை."

சிமியோன் வழக்கம்போல இடக்கண்ணை மூடிக்கொண்டு பார்த்தான்.

"நடுவிலை ஏன் மையை ஊத்தி வைச்சிருக்கிறியள்?"

ஷெரோன் எட்டிப் பார்த்தாள். தாள் வெள்ளையாக இருந்தது.

"அதிலை மை ஒண்டும் இல்லை, அண்ணை," என்றாள் வித்தியா மெதுவாக.

வெல்டிங் வெளிச்சம் வலக்கண்ணின் நடுப்பார்வையைச் சுட்டுவிட்டது, போனது திரும்பாது, மிச்சத்தைக் காப்பாற்று என்றார் கண் வைத்தியர். கட்டார்க்காரரின் மருத்துவச் சோதனையில் வலக்கண் தேறவில்லை. மூன்று மாதம் கழித்து, கண்ணாடி போட்டு, சிமியோன் சான்றிதழ் எடுத்தான். அன்று பட்டறையில் வேடிக்கை பார்க்க நின்றவர்களிடம் சொன்னான்:

"வெறுங்கண்ணாலை ஒட்டுறது கெட்டித்தனமில்லையடா, மடைத்தனம். இரும்பு உடைஞ்சா ஒட்டலாம், கண்ணை ஒட்டேலாது. நீங்களும் நிண்டு கை தட்டாதையுங்கோ."

எங்களையும் சேர்த்துத்தான் சொன்னான்.

திருகோணமலையில் வேலை கிடைத்து, குடும்பத்தோடு அங்கேயே போய்விட்டான். வித்தியா உடுப்பிட்டிக்கு மருமகளாகப் போனாள். மாப்பிள்ளை வீட்டார் சீதனம் வாங்கவில்லையாம். விசாரித்துக்கொண்டிருக்கிறோம்.