வரப்புக் கீரை

"வெதைக்காம மொளைக்கிற கீரைக்கு இருவது ரூவாயா?" என்றாள் கீரை வாங்க வந்தவள்.

"அது தானா மொளைக்கும். குனியிற முதுகு என்னுதுல்ல?"

சிதம்பரம் கீழவீதி ஓரம் ஈரச்சாக்கை விரித்து உட்கார்ந்திருந்தாள் மலர்க்கொடி. புவனகிரிப் பக்கத்து வரப்புகளில் விடியுமுன் கிள்ளிய பண்ணைக்கீரையும் தொய்யக்கீரையும் பாதிக்கு மேல் விற்றுப்போயிருந்தன. போன் அடித்தது. அக்கா புருஷன் தங்கராசு, கூலிக்கு மருந்தடிக்கிறவன்.

"கொடி, வாய்க்கா வரப்புல காம்பா நிக்குது. கிள்ளுனது நீயா?"

"ஆமா மாமா. எளசா இருந்துச்சி."

"நேத்து சாயங்காலந்தான் அங்க களைக்கொல்லி அடிச்சேன். கருக ரெண்டு நாளாவும். யாருக்கும் குடுத்துடாத."

வாங்கியவளின் பையிலிருந்து கட்டைப் பிடுங்கினாள். "மருந்தடிச்சதும்மா" என்று காசைத் திருப்பிக் கொடுத்தாள். மிச்சத்தைச் சாக்கோடு சுருட்டிக் குப்பைத்தொட்டியில் போட்டாள். பக்கத்தில் பூ கட்டிக்கொண்டிருந்த ஜான்சியிடம், "காலைல வாங்குனவங்க வந்தா கொட்டிடச் சொல்லுக்கா" என்றாள்.

"வராதவுங்களுக்கு?"

மலர்க்கொடி பஸ்சுக்கு ஓடிக்கொண்டிருந்தாள். வீட்டில் ஒரு கட்டு வைத்துவிட்டு வந்திருந்தாள். மகள் இலக்கியாவுக்கு ஏழாம் மாதம். ரத்தம் கம்மி, கீரை நெறைய குடுங்க என்று நர்சம்மா போன வாரம்தான் சொல்லியிருந்தாள். பஸ்சில் நின்றபடியே போன் போட்டாள். அடித்தது, எடுக்கவில்லை. மறுபடி போட்டாள்.

இறங்கி ஓடும்போது, வழியில் உத்திராபதி தன் மாட்டுக்கொட்டகையில் மூன்று மாட்டுக்கும் வைக்கோல் உதறிக்கொண்டிருந்தார்.

"என்னா கொடி, இந்நேரத்துல ஓட்டம்?"

"வாய்க்கா வரப்புல மருந்தாம் பெரியப்பா."

"ஒனக்குத் தெரியாதா? நேத்து மத்தியானமே நெலத்துக்காரரு ஆளுவுட்டாரே. மாடு வச்சிருக்கிற வூடு ஒண்ணு வுடாம சொல்லிட்டுப் போனான், ரெண்டு நாளைக்கி அவுக்காதீங்கன்னு."

வாசலில் இலக்கியா தட்டைக் கழுவிக்கொண்டிருந்தாள்.

"குழாயடில இருந்தேம்மா, போனு உள்ள கெடக்கு. ஏன் மூச்சு வாங்குற?"

"கீர?"

"கடைஞ்சி ரெண்டு வாட்டி போட்டுச் சாப்ட்டேன். சட்டிய வழிச்சாச்சி. ஒனக்குத்தான் இல்ல."

ஆஸ்பத்திரிக்கு ஆட்டோ கிடைத்தது. இலக்கியா வயிற்றை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். "இப்ப ஒண்ணும் பண்ணலம்மா" என்றாள். கொஞ்ச தூரம் போய் மறுபடியும் அதையே சொன்னாள். கொட்டகையைத் தாண்டும்போது மூன்று மாடுகளும் கட்டுத்தறியில் நின்று, வைக்கோலை நிதானமாக மென்றுகொண்டிருந்தன.