மூடியில் மூன்று ஓட்டை

என் வீட்டுக்காரர் அப்துல் வாஹித், தேவ்நார் ஆட்டுத்தொட்டியில் தோல் வாங்கித் தாராவியில் விற்பவர். தினமும் காலையில் அங்கிருந்து ஆட்டு இரைப்பைச் சாற்றைச் சூடு ஆறாமல் ஃபிளாஸ்க்கில் பிடித்து, மாட்டுங்காவில் நான் ஆராய்ச்சி செய்யும் கல்லூரியில் தந்துவிட்டுப் போவார். அதிலுள்ள நுண்ணுயிர்களுக்குக் காற்றே ஆகாது. மூச்சு விடாமல், ஹைட்ரஜனை வெளியே தள்ளிப் பிழைக்கிற ஜென்மங்கள்.

1986 மார்ச்சில் ஒருநாள், பதினொரு மணிக்கு டெல்லிப் பேராசிரியர் வருகிறார். அவற்றை உயிரோடு காட்டினால்தான் என் ஆராய்ச்சி தொடரும்; இல்லையென்றால் மூட்டை கட்ட வேண்டியதுதான். ஒன்பதரைக்கு ஃபிளாஸ்க்கை வாங்கியதும் தூக்கிவாரிப் போட்டது. மூடியில் ஆணியால் மூன்று ஓட்டை!

"இன்னைக்கு முக்கியமான நாளுல்லா? மூச்சு முட்டிச் செத்துரக் கூடாதுன்னு நாந்தான் போட்டேன்," என்றார் பெருமையாக.

மைக்ராஸ்கோப்பில் பார்த்தேன். ஒன்றுகூட அசையவில்லை.

"காத்து ஆகாதுன்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேனே!"

"மூச்சு விடாத உசுரு உண்டுமா? நீ வெளையாட்டுக்குச் சொல்லுதன்னு..."

"தோலு பாக்கத்தான் நீங்க லாயக்கு!"

வராந்தாவே திரும்பிப் பார்த்தது. அவர் முகம் சுண்டிப்போய்விட்டது. மேஜையிலிருந்த வேறொரு ஃபிளாஸ்க்கை எடுத்துக்கொண்டு மறுபடி தேவ்நாருக்கு ஓடினார்.

பேராசிரியர் சொன்ன நேரத்துக்கு வந்து தொலைத்தார். நானும் பேசினேன், பேசினேன். மூச்சு விடும் செல்லிலுள்ள மைட்டோகாண்ட்ரியாவே காற்றில்லாத இடத்தில் மாறி, ஹைட்ரஜன் தயாரிக்கும் உறுப்பாக ஆனதா? அல்லது வேறொரு பாக்டீரியா உள்ளே புகுந்து குடியேறியதா? யாருக்கும் இன்னும் நிச்சயமில்லை என்றேன். என் கண் வாசலிலேயே இருந்தது. பேராசிரியர் இரண்டு தடவை கடிகாரம் பார்த்தார்.

பதினொன்றே முக்காலுக்கு வியர்த்து வடிய வந்தார் இவர். மூடியைச் சைக்கிள் ட்யூபால் இறுக்கிக் கட்டியிருந்தார். சொட்டு எடுத்து வைத்தேன். நீந்தின! பேராசிரியர் வெகுநேரம் கண்ணை எடுக்கவில்லை.

"தொடர்ந்து செய்யுங்கள்," என்றார்.

வெளியே ஓடினேன். இவர் மாடிப்படியில் உட்கார்ந்திருந்தார்.

"காலைல எத்தன செத்துச்சு?"

"லட்சக்கணக்குல."

"இன்னா லில்லாஹி..." மனிதர் இறந்தால் சொல்வதைச் சொல்லிக் கண்ணை மூடிக்கொண்டார், தினமும் நூறு ஆட்டுத்தோலைப் புரட்டுகிற மனுஷர். "நல்லதுன்னு நெனச்சுல்லா செஞ்சேன், சாயிரா."

எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. பக்கத்தில் உட்கார்ந்தேன். "உங்கள அப்படிப் பேசிருக்கப்படாது நான்," என்றேன், படியேறுகிறவர்கள் எல்லாருக்கும் கேட்கட்டும் என்று சத்தமாகவே.