அண்ணன் மாட்டிப் போன வில்லை

வேளை கெட்ட வேளையில் ஆலைச் சங்கு ஊதினால் யாரோ ஒருத்தி தலையில் இடி விழுந்தது என்று அர்த்தம். கடல் தாண்டி இந்தக் கரும்பாலையின் வரிசை வீட்டுக்குக் குடிவந்த முதல் வாரத்திலேயே இளையவள் இதைத் தெரிந்துகொண்டிருந்தாள். மத்தியானம் அவள் உலை வைத்திருந்தபோது சங்கு ஊதியது. ஓடிப்போய் மறைப்புத் துணியை விலக்கிப் பார்த்தாள். புருஷன் காய்ச்சலில் புரண்டுகொண்டிருந்தான். அப்பாடா என்றிருந்தது. அடுத்த கணமே நாக்கைக் கடித்துக்கொண்டாள். அவனுக்குப் பதிலாக இன்றைக்கு ஆலைக்குப் போயிருப்பது அவனுடைய அண்ணன் அல்லவா?

ஒரு நாள் போகாவிட்டால் வேலையும் போகும், வீடும் போகும். அண்ணனுக்கு இன்னும் வேலை அமையவில்லை. "நீ படுடா, நான் போய்ட்டு வரேன்" என்று தம்பியின் பித்தளை வில்லையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு காலையில் கிளம்பிவிட்டார். இருவரும் ஒரே அச்சு. அது இல்லாவிட்டாலும் பாதகமில்லை. அந்த நாட்டு மேஸ்திரிக்கு நம்மவர் எல்லாருக்கும் ஒரே மூஞ்சிதான். வில்லையில் இருக்கும் எண்ணைத்தான் அவன் பார்ப்பான். ஆனால் அகப்பட்டால் தொலைந்தது. போன மாதம் இப்படி ஆள் மாறிப் போய் மாட்டிக்கொண்ட ஒரு குடும்பத்தைக் கூண்டோடு கப்பலேற்றினார்கள். சட்டி பானை வரை விற்றுவிட்டு வந்தவர்கள் திரும்பிப் போய் எந்த மண்ணைத் தின்பது?

அண்ணன் மனைவி, மூத்தவள், பிசைந்த மாவை அப்படியே போட்டுவிட்டு ஓடினாள். இளையவளும் பின்னாலேயே ஓடினாள்.

ஆலை வாசலில் பெண்கள் கூடி நின்றார்கள். நடுவில் ஒரு பலகை, அதில் ஓர் உடல், அதன்மேல் சர்க்கரைச் சாக்கு. மேஸ்திரி சொல்லச் சொல்ல, துபாஷி தமிழில் கத்தினார்.

"நாப்பத்தொண்ணாம் வில்லை! எந்திரப் பட்டையில மாட்டிக்கிட்டான். ஆள் போயிட்டான். பொண்டாட்டி யாரு?"

அது தம்பியின் எண்.

மூத்தவள் ஒரு கால் முன்னே எடுத்து வைத்தாள். இளையவள் அவள் முந்தானையைப் பிடிக்கக் கை நீட்டினாள். அக்கா வாயைத் திறந்தால் இரண்டு குடும்பத்தையும் கப்பலேற்றிவிடுவார்கள். ஆனால் செத்துக் கிடப்பது அக்காவின் புருஷன். எந்த மூஞ்சியை வைத்துக்கொண்டு அவளைத் தடுப்பது?

எடுத்து வைத்த கால் நின்றது. மூத்தவளின் கை பின்னால் துழாவி இளையவளின் மணிக்கட்டைப் பிடித்து முன்னே தள்ளியது.

"இவதாங்க," என்றாள். "என் கொழுந்தன் பொண்டாட்டி."

மேஸ்திரி சாக்கை விலக்கினான். புருஷனின் அண்ணன் எதிரில் வந்தாலே கதவுக்குப் பின்னால் ஒதுங்கிக்கொள்கிறவள் இளையவள். அந்த முகத்தை இன்றைக்குத்தான் நேருக்கு நேர் பார்த்தாள். சட்டைத் தோளில் நேற்று மூத்தவள் போட்ட ஒட்டு அப்படியே இருந்தது.

"நல்லாப் பாத்துச் சொல்லு. உன் புருஷன்தானே?"

"ஆமாங்க."

வீட்டில் உயிரோடு கிடக்கிறவனை இந்த வாயாலேயே கொன்றாயிற்று. அழுகை மட்டும் வந்து தொலைக்கவில்லை. துபாஷி அவள்மேல் வைத்த கண்ணை எடுக்கவில்லை.

"என்னம்மா இது? புருஷன் செத்துக் கிடக்கான், நீ பாட்டுக்குக் கல்லு மாதிரி நிக்கிறே?"

மேஸ்திரியும் திரும்பிப் பார்த்தான். மூத்தவள் வந்து இளையவளைக் கட்டிக்கொண்டாள். பார்த்தவர்களுக்கு அவள் தேற்றுவது போலத்தான் இருந்திருக்கும். அந்த உடம்பு வெடவெடவென்று நடுங்கியது இளையவளுக்கு மட்டும்தான் தெரிந்தது.

"அழுடி," என்றாள் மூத்தவள், காதுக்குள். "கொழுந்தனுக்கு எவ்வளவு அழலாமோ அவ்வளவுதான் நான் அழ முடியும். மிச்சத்தை நீ அழுதுடு."