எழுபது வளைவு ஏறிய படகு

கதிர்வேலுக்கு இடது கண் போன மறு வருஷம், இரண்டாயிரமாவது ஆண்டு சித்திரையில், காளப்பநாயக்கன்பட்டியில் அவன் வீட்டுக் களத்தில் ஒரு லாரி வந்து நின்றது. லாரியின் மேல் இரண்டு சக்கர இழுவை வண்டி, அந்த வண்டியின் மேல் ஒரு படகு.

தாமரைச்செல்வி அப்போது டிராக்டரைக் கழுவிக்கொண்டிருந்தாள். வழி தவறி வந்த லாரி என்றுதான் நினைத்தாள்.

"ஏனுங்கக்கா, கதிர்வேலண்ணன் ஊடு இதுதானுங்களே?" என்று கேட்டான் டிரைவர். "மெட்ராஸ்லருந்து ரிட்டன் லோடு. அண்ணன்தான் ஏத்திட்டு வரச் சொன்னாருங்க."

கதிர்வேல் வீட்டுக்குள்ளிருந்து கறுப்புக் கண்ணாடியோடு வெளியே வந்தான். கல்யாண வீட்டில் மொய் எழுதாமல் மாட்டிக்கொண்டவன் மாதிரி நின்றான்.

"ஏனுங்க, என்ன இது?"

"படகு."

"அது தெரியுதுங்க. நம்ம ஏரியில ஆடு மேயுது. இதை எங்க உடறதுங்க?"

"மலையில தண்ணி இருக்குதல்லோ" என்று சொல்லிவிட்டு அவன் பலகை எடுக்கப் போய்விட்டான். அன்றைக்கு அவன் பேசியது அவ்வளவுதான். அவள் மூன்று நாள் அவனோடு பேசவில்லை. அதனால் வீட்டில் பெரிய வித்தியாசம் ஒன்றும் தெரியவில்லை. ஒரு வருஷமாகவே அவன் அப்படித்தான் இருந்தான்.

அதற்கு முன் இருபத்திரண்டு வருஷம் அவன் நேஷனல் பர்மிட் லாரி ஓட்டினான். நாக்பூரைத் தாண்டி ஓரிடத்தில், முன்னால் போன வண்டியிலிருந்து தெறித்த கல் கண்ணாடியை உடைத்துக்கொண்டு வந்து அவன் கண்ணைக் கொண்டுபோனது. அந்த நிலையிலும் லாரியை ஓரங்கட்டி நிறுத்திவிட்டுத்தான் ஸ்டியரிங்கில் சாய்ந்தான் என்று கிளீனர் வந்து சொன்னான். லைசென்ஸ் போயிற்று. நாமக்கல்லில் லாரி பாடி கட்டும் அர்த்தனாரியின் பட்டறையில் வேலைக்குப் போனான். போவான், வருவான், கட்டிலில் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொள்வான். பஸ்ஸில் முன்சீட்டு காலியாக இருந்தாலும் கடைசிச் சீட்டுக்குத்தான் போவான்.

தாமரைச்செல்விக்கு அவனிடம் எப்படிப் பேசுவதென்று தெரியவில்லை. கல்யாணமாகிப் பதினெட்டு வருஷத்தில் மாதத்துக்கு நாலு நாள் வீட்டிலிருந்தவன் அவன். ஆண்பிள்ளை இல்லாத வீட்டில் பிறந்து, பதினேழு வயதிலிருந்து டிராக்டர் ஓட்டி, இன்றைக்கும் மூன்று ஏக்கரைத் தானே உழுகிறவள் அவள். ஆளுக்கொரு வண்டி ஓட்டிக்கொண்டு தனித்தனியாகவே வாழ்ந்துவிட்டோமோ என்று சில நாள் அவளுக்குத் தோன்றும்.

முதலில் படகில் ஏறியவள் மகள் சுஜிதா. பிளஸ் ஒன் பரீட்சை முடிந்து லீவில் இருந்தாள். படகின் மூக்குக்குள் கையை விட்டுத் துழாவி, பாலித்தீன் பையில் சுற்றிய ஒரு இங்கிலீஷ் புத்தகத்தை எடுத்தாள்.

"அம்மா, இது முப்பது வருஷப் பழசு. அப்பா, அம்மா, ரெண்டு கொழந்தைக போறதுக்குன்னே செஞ்சதாமா. வண்டியில ஏத்தி எங்க வேணும்னாலும் கொண்டுட்டுப் போலாமாமா."

படகின் கதி அப்படியொன்றும் நன்றாக இல்லை. பதினைந்தடி நீளம். ஃபைபர் உடம்பில் மூக்குப் பக்கம் ஒரு முழத்துக்குப் பிளவு. உட்காரும் பலகைகள் தொட்டால் புட்டாக உதிர்ந்தன. அதைத் தாங்கி வந்த வண்டியின் சக்கரங்கள் துருப்பிடித்துச் சுற்ற மறுத்தன. சென்னையில் ஏதோ ஒரு கிளப்பில் மூலையில் கிடந்ததை, வேண்டாமென்று தள்ளியபோது வாங்கியிருந்தான்.

பட்டறை வேலை முடித்து வந்ததும் கதிர்வேல் படகுக்குள் இறங்கிவிடுவான். பிளவைத் தேய்த்து, ஃபைபர் துணி வைத்துப் பசை பூசி அடைத்தான். இடித்த வீட்டின் தேக்குக் கதவை வாங்கி வந்து பலகை போட்டான். வண்டிக்கு அம்பாசடர் கார் சக்கரம் மாட்டி, பேரிங் மாற்றினான். பாய்மரத்தை நட்டுவைக்க நாலு ஆள் வேண்டியிருந்தது. அதன் அடியில் லாரிப் பின்கதவுக்குப் போடும் கீலை வைத்து இறுக்கினான். பிறகு ஒரே ஆள் கயிற்றைப் பிடித்து இழுத்தால் மரம் தானாக எழுந்து நின்றது.

அர்த்தனாரி ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து பார்த்துவிட்டு, "கதிர்வேலு, லாரி கட்டுற பயலுகளைக் கப்பல் கட்ட வெச்சுடுவியாட்டம் இருக்குது" என்று சிரித்தார். திங்கட்கிழமை தன் பட்டறைப் பெயிண்டரை அனுப்பினார். அந்த ஆள் மஞ்சளும் பச்சையுமாகப் பூப்போட்டு, மூக்கில் இரண்டு பெரிய கண் வரைந்து, பழக்க தோஷத்தில் பின்னால் "ஒலி எழுப்பவும்" என்று எழுதிவிட்டுப் போனான். சுஜிதா அதை அழிக்க விடவில்லை.

பாய்தான் மிச்சம். பழைய பாய் கை பட்ட இடமெல்லாம் அப்பளமாகக் கிழிந்தது. கதிர்வேல் லாரிப் படுதாவை வெட்டி, வேப்ப மரத்தில் தூக்கிக் கட்டிப் பார்த்தான். நல்ல காற்றில் மரமே ஆடியது. படுதா அசையவில்லை.

அதைப் பார்த்துக்கொண்டு நின்ற தாமரைச்செல்விக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "எருமைக்குச் சேலை கட்டுனாப்பல இருக்குதுங்க" என்றாள். அவன் திரும்பிப் பார்த்தான். அவள் சிரித்து அவனும் பார்த்து நாளாகியிருந்தது.

மறுநாள் அவளே சேலம் போய், பை தைக்கிற வெள்ளை நைலான் துணி வாங்கி வந்தாள். பழைய பாயைக் களத்தில் விரித்து, சுற்றிலும் கோலமாவால் கோடு போட்டாள். அந்த அளவுக்குத் துணியை வெட்டப் போனவள் நின்றாள். பழைய பாய் தரையில் படியவே இல்லை. ஒரு பக்கம் அமுக்கினால் மறுபக்கம் உப்பியது. மடியில் எடுத்துப் போட்டுத் தையல்களை விரலால் தடவிப் பார்த்தாள்.

"ஏனுங்க, இங்க வாங்க. இது தட்டையாத் தெச்சதில்லீங்க. ரவிக்கைக்கு டக்குப் புடிக்கிறாப்பல ஒவ்வொரு மூட்டுலயும் புடிச்சிருக்குது. காத்து வந்து உக்கார எடம் உட்டிருக்கிறாங்க."

கதிர்வேல் குனிந்து பார்த்தான். "நான் மூணு மாசமாப் பாக்கறேன். எனக்குத் தெரியலியே" என்றான்.

படுதா தைக்கும் கடையில் மிஷினைக் கேட்டு, பத்து நாள் உட்கார்ந்து தைத்தாள். கடைசி ஓரத்தில் கயிறு வைத்து மடிக்கும்போது துணியைப் பிடித்துக்கொள்ள அவன் கூட வந்தான். மிஷின் சத்தத்துக்கு நடுவே அவள் கேட்டாள்.

"நெசமாச் சொல்லுங்க. இதை எதுக்கு வாங்குனீங்க?"

அவன் துணியை நீவிக்கொண்டே இருந்தான். "ஒருக்கா கடலோரமா லோடுக்கு மூணு நாள் காத்துக் கெடந்தேன். இந்த மாதிரிப் படகுல ஒருத்தன் பொண்டாட்டி புள்ளையோட போயிட்டிருந்தான். எந்த ஊருக்கும் போகல. சும்மாப் போறான், வாரான். நான் இந்தியா பூராச் சுத்துனேன். உங்களைப் பழனி தாண்டிக் கூட்டிட்டுப் போனதில்ல." மடிப்பை இழுத்து நேராக்கினான். "அப்பறம், தண்ணியில எதுக்க லாரி வராது, தாமரை. ஒத்தக் கண்ணு போதும்."

அவள் மிதியிலிருந்து காலை எடுத்துவிட்டாள். பிறகு, "இந்த மூலைய நல்லா இழுத்துப் புடிங்க" என்றாள்.

மழை முடிந்து தை பிறந்தது. கொல்லிமலையில் அரியூர் நாட்டு ஏரி நிறைந்து கிடப்பதாகச் சின்னுசாமி சொல்லியனுப்பினான். ஏரியை ஒட்டி வயல் வைத்திருப்பவன். அவன் மிளகு மூட்டைகளைக் கதிர்வேல் ஒரு காலத்தில் ஏற்றியிருக்கிறான். சின்னுசாமியே ஊர்ப் பெரியவர்களிடம் பேசி, படகு விட அனுமதியும் வாங்கி வைத்திருந்தான்.

படகை யார் மேலே இழுப்பது? கதிர்வேல் தன் பழைய கூட்டாளிகளில் ஒருவனைக் கூப்பிடுவான் என்று தாமரைச்செல்வி நினைத்திருந்தாள். கிளம்புவதற்கு முதல் நாள் சாயங்காலம் அவன் டிராக்டரின் பிரேக்கை மிதித்துப் பார்த்துவிட்டு, "நீயே ஓட்டு" என்றான்.

"எழுபது வளைவுங்க!"

"வயல்ல நீ மூலை திருப்புறதைப் பாத்திருக்கறேன்."

எப்போது பார்த்தான் என்று அவள் கேட்கவில்லை.

விடிந்ததும் மலையடிவாரத்துக் காரவள்ளியிலிருந்து ஏற ஆரம்பித்தார்கள். டிராக்டரின் மட்கார்டில் ஒரு பக்கம் சுஜிதா, மறுபக்கம் கதிர்வேல். கீழ் வளைவுகளில் குரங்குகள் படகைப் பார்த்துவிட்டு ஓட மறந்து உட்கார்ந்திருந்தன. நாற்பத்து மூன்றாவது வளைவில் மேலிருந்து ஒரு பஸ் இறங்கி வந்தது. யாராவது பின்னால் போக வேண்டும். பஸ்ஸுக்குப் பின்னால் இரண்டு லாரி. ஆக, இவள்தான் போக வேண்டும். பின்னால் வண்டி கட்டிய டிராக்டரை வளைவில் பின்னெடுப்பது லேசான காரியமில்லை. ஒரு பக்கம் திருப்பினால் வண்டி மறுபக்கம் போகும். அந்தப் பக்கம் பள்ளத்தாக்கு.

அவள் ரிவர்ஸ் கியர் போட்டாள். கதிர்வேல் குதித்து இறங்கி, ஒரு பெரிய கல்லைத் தூக்கிக்கொண்டு வண்டிச் சக்கரத்துக்குப் பின்னால் ஓடினான். பிறகு அவன் குரல் வந்தது. இருபத்திரண்டு வருஷம் கிளீனர்கள் அவனுக்குக் கொடுத்த குரல்.

"வா... வா... வா... வலப்பக்கம் ஒடி... அப்படியே வரட்டும்... ஓல்டான்!"

சக்கரம் கல்லோடு ஒட்டி நின்றது. பஸ் உரசாமல் தாண்டியது. பஸ் டிரைவர் தலையை வெளியே நீட்டி, ஓட்டுவது பொம்பளை என்று பார்த்ததும் கையைத் தூக்கி ஒரு கும்பிடு போட்டான். ஏறி உட்கார்ந்த கதிர்வேல் வேட்டியில் கையைத் துடைத்தபடி, "நானா இருந்தா ரெண்டு தடவை ஒடிச்சிருப்பேன்" என்றான். அடுத்த இருபத்தேழு வளைவும் அவளுக்குச் சமவெளி மாதிரி இருந்தது.

மலைமேல் சோளக்காடு சந்தையில் டீ குடிக்க நிறுத்தியபோது வாழைப்பழம் விற்றவர்களும் வாங்கியவர்களும் படகைச் சுற்றிக் கூடிவிட்டார்கள். ஏரிக்கு வந்து சேர வெயில் ஏறிவிட்டது.

சின்னுசாமியின் மனைவி பாப்பாத்தி கரையில் தேங்காயோடு நின்றிருந்தாள். "செருப்பைக் கழட்டிப் போட்டுட்டு எறங்குங்க. எங்க வயலுக்கெல்லாம் தாய்ப்பால் இது" என்றாள். தேங்காய் உடைத்து, படகை வண்டியோடு தண்ணீருக்குள் தள்ளினார்கள். படகு மிதந்தது. ஒரு சொட்டு உள்ளே வரவில்லை. லாரி டியூப்களைக் காற்றடித்து ஆளுக்கொன்று இடுப்பில் கட்டிக்கொண்டு மூவரும் ஏறினார்கள். பாயை ஏற்றினார்கள். காற்று இல்லை.

நடு ஏரியில் அப்படியே ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தார்கள்.

"காத்துக்கு இன்னம் நேரமிருக்குதுங்க" என்று கரையிலிருந்து சின்னுசாமி கத்தினான். "உச்சி சாஞ்சாத்தான் அந்த மலையிடுக்கு வழியா எறங்கும்!"

உச்சி சாய்ந்ததும் இறங்கியது. முதலில் தண்ணீர் சிலிர்த்தது. பிறகு பாய் ஒரு முறை படபடத்து, அவள் டக்குப் பிடித்த இடமெல்லாம் உப்பி நின்றது. படகு சாய்ந்துகொண்டு ஓட ஆரம்பித்தது. எஞ்சின் இல்லை, சத்தம் இல்லை. கதிர்வேல் பின்னால் உட்கார்ந்து சுக்கானைப் பிடித்திருந்தான். அவன் முதுகு நிமிர்ந்திருந்தது.

இடப்பக்கக் கரை நெருங்கிக்கொண்டே வந்தது. அவன் அதைப் பார்த்துவிட்டான் என்றுதான் தாமரைச்செல்வி நினைத்தாள். பார்க்கவில்லை என்று தெரிந்தபோது நேரமாகிவிட்டது. கோரைக்குள் புகுந்து சொருகி, சேறும் தண்ணீரும் மூவர் மேலும் வாரியடித்துப் படகு நின்றது.

இனி இவன் திரும்பவும் சுவரைப் பார்த்துப் படுத்துவிடுவான் என்று தாமரைச்செல்விக்குத் தோன்றியது.

கதிர்வேல் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றினான். சேற்றைச் சட்டையில் துடைக்கப் பார்த்தான். சட்டையும் சேறு. வீட்டில்கூட அவள் முன்னால் அவன் அந்தக் கண்ணாடியைக் கழற்றியதில்லை. மூடிய இடது கண்ணும் திறந்த வலது கண்ணுமாக அவளைப் பார்த்தான். அவன் தோள் குலுங்கியது. சிரிக்கிறான் என்று தெரிய அவளுக்குச் சற்று நேரம் பிடித்தது.

"ஏம்புள்ள, முன்னாடியே சொல்லக் கூடாதா?"

"நீங்க கேட்டாத்தானுங்க சொல்ல முடியும்? எது சொன்னாலும் கோவம் வந்துருமோன்னு ரெண்டு வருஷமா வாயக் கட்டிட்டு இருக்கறேன்" என்றாள். அப்படிச் சொல்வாள் என்று அவளே நினைக்கவில்லை. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

அவன் சிரிப்பு நின்றது. கோரையைப் பார்த்தான், பாயைப் பார்த்தான். "கேக்கறேன்" என்றான். "இனிமேச் சொல்லு. எல்லாத்தையும்."

சுஜிதா இறங்கி இடுப்பளவுத் தண்ணீரில் நின்று படகைத் தள்ளினாள். தாமரைச்செல்வி இடப்பக்கம் முன்னால் போய் உட்கார்ந்தாள். பொழுது சாயும் வரை ஏரியை மூன்று சுற்றுச் சுற்றினார்கள். "கோரை வருதுங்க", "பாறைங்க", "எருமை நீந்துதுங்க, கொஞ்சம் அக்கட்ட போங்க" என்று அவள் சொல்லிக்கொண்டே வந்தாள். நடுநடுவே வேறென்னென்னவோகூடச் சொன்னாள். அவன் ஒவ்வொன்றுக்கும் "ம்" கொட்டினான்.

படகைச் சின்னுசாமி வயலோரம் கொட்டகை போட்டு நிறுத்தினார்கள். மாதம் ஒரு தடவை, சில மாதம் இரண்டு தடவை மலைக்குப் போனார்கள். கதிர்வேல் பஸ்ஸில் முன்சீட்டில் உட்கார்ந்து வளைவுகளை எண்ணினான். போகும்போதெல்லாம் படகுக்கு ஏதாவது ஒன்று கொண்டுபோவான். ஒரு தடவை வெயிலுக்குப் படுதாக் கூரை, ஒரு தடவை சோற்றுப் போசி வைக்கப் பெட்டி. மரவள்ளி பிடுங்கும் நாட்களில் அக்கரையிலிருந்து பாப்பாத்தியின் கிழங்கு மூட்டைகளும் படகில் வந்தன. பிளஸ் டூ முடித்த சுஜிதா, கோயமுத்தூரில் இன்ஜினியரிங் சேர்ந்துவிட்டு, லீவுக்கு வரும்போதெல்லாம் பாய்க்கயிற்றைத் தான்தான் பிடிப்பேன் என்று சண்டை போட்டாள்.

அடுத்த வருஷம் புரட்டாசியில் ஒரு நாள் இவர்கள் இருவர் மட்டும் போனார்கள். காற்று சீராக இருந்தது. "கொஞ்சம் புடி" என்று சுக்கானை அவள் கையில் கொடுத்துவிட்டுக் கதிர்வேல் தேக்குப் பலகையில் சாய்ந்தான். சற்று நேரத்தில் அவன் மூச்சு மாறியது. ஓடுகிற வண்டியில் தூங்குகிறவன் டிரைவரே இல்லை என்று சொல்கிறவன், வாயைத் திறந்துகொண்டு தூங்கினான். கறுப்புக் கண்ணாடி மார்பில் கிடந்தது.

கரையில் பாப்பாத்தி வந்து நின்று, "களி ஆறிப் போகுது, வாரீங்களா இல்லீங்களா?" என்று கூவினாள்.

தாமரைச்செல்வி உதட்டில் விரலை வைத்துக் காட்டினாள். அவ்வளவு தூரத்துக்கு அது தெரிந்திருக்காது. சுக்கானை மெல்லத் திருப்பி, கரைக்குப் போகாமல், ஏரியை இன்னொரு சுற்றுச் சுற்ற ஆரம்பித்தாள்.