நீதிபதிக்கு மைனஸ் எட்டு

1
முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இந்தக் கதை தஞ்சாவூர் போகும் ரயிலில் எதிர் சீட்டில் ஒட்டுக்கேட்டது.

'நீதிபதியின் மேஜையில் ரத்தம் சொட்டி—'

வேண்டாம். ரத்தமே இல்லை. ஒரு லேப்டாப்தான் இருந்தது. புள்ளியியல் படித்த கவிப்ரியாவுடையது. பக்கத்தில் அவள் தாய்மாமன் வைரக்கண்ணு. பூதலூரில் ஏறினார்கள். பதினெட்டு வருஷமாகக் கோயில் நிலத்தில் மூன்று மா, அதாவது ஒரு ஏக்கர், நடுகிறவர். அந்தக் குத்தகையைத் தன் பெயரில் பதியச் சொல்லி வழக்கு. திங்கட்கிழமை மூன்று நீதிபதிகள் முன் விசாரணை. தோற்றால் வயலை விட்டு வெளியே.

2
"பழைய குத்தகைக் கேஸ்ல மூணு ஜட்ஜும் ஒத்துப்போன தீர்ப்பு உதவாது மாமா. பிரிஞ்சு எழுதினது நாற்பத்தொண்ணு. யாரு குத்தகைதாரர் பக்கம், யாரு எதிர்னு ஒரு கோடு போட்டு மார்க் குடுத்தேன்; பக்கம்னா ப்ளஸ், எதிர்னா மைனஸ். ஒவ்வொரு ஜட்ஜும் அந்தக் கோட்டுல ஒரு இடத்துல வந்து உட்கார்ந்துட்டாங்க."

"ஓரத்துல தனியா ஒருத்தர் இருக்காரே?"

"மைனஸ் எட்டு. குத்தகைதாரர்னாலே எதிரா எழுதுவார். திங்கட்கிழமை அவரும் இருக்கார். வாய்தா வாங்கிடுங்க. அடுத்த மாசம் அவர் ரிட்டயர் ஆயிடுவார்."

(வில்லன் கிடைத்துவிட்டான்! பேனா துள்ளியது. அப்போதே என்னை நான் சந்தேகப்பட்டிருக்க வேண்டும்.)

3
"அவர் தோக்கடிச்ச குத்தகைதாரர் யாரு? படி, கேப்போம்."

"ஒருத்தர் ரைஸ்மில் ஓனர். ஒருத்தர் கல்யாண மண்டபம் வெச்சிருக்கார். இன்னொருத்தர்..."

"இவங்க எந்தக் காலத்துல சேத்துல இறங்குனாங்க? கோயில் குத்தகை ரசீது அவங்க பேர்ல. நடுறது என்னை மாதிரி உள்குத்தகைக்காரன். நம்ம கேஸே அப்படி ஒரு ரசீதுக்காரர் மேலதானே பாப்பா?"

கவிப்ரியா பட்டியலை மேலிருந்து மறுபடி உருட்டிப் பார்த்தாள்.

"அப்ப அவரு நம்ம ஆளா?"

"தெரியல மாமா. நடுறவங்க யாருன்னு நான் குறிக்கவே இல்ல. சிலதுல எதிர்த்தரப்பு நடுறவங்க இல்ல, கோயில்தான்."

"நல்லா அளந்தே போ! நம்ம வக்கீலம்மா பதிலுக்குக் காத்துக்கிட்டு இருக்கு. வாய்தாவா, வேணாமா?"

4
முடிவு அ: வாய்தா வாங்குகிறார். மைனஸ் எட்டு ஓய்வு பெறுகிறார். புதிதாக வந்தவர் ரசீதை மட்டும் பார்த்து—

முடிவு ஆ: வாங்கவில்லை. மைனஸ் எட்டு கண்ணாடியைக் கழற்றி, "நாற்று நட்டது யார்?" என்று கே—

இரண்டையும் எழுதும்போது கை ஒரு பக்கம் சாய்ந்தது. எந்தப் பக்கம் என்பதைச் சொல்வதற்கு முன் ஒரு தகவல், இவ்வளவு நேரம் மறைத்தது: ஒரத்தநாட்டுக்குப் பக்கத்தில் கோயில் நிலம் ஐந்து மாவுக்கு என் அப்பா பெயரில் ரசீது இருக்கிறது. அதில் நடுகிறவர் பெயர் எனக்குத் தெரியாது.

5
தஞ்சாவூரில் வண்டி நின்றது. வைரக்கண்ணு பையை எடுத்துக்கொண்டு என் பக்கம் திரும்பினார்.

"எல்லாத்தையும் கேட்டு எழுதிக்கிட்டுதானே சார் வந்தீங்க? பொதுவான ஆளு நீங்க. சொல்லுங்க, வாய்தா வாங்கவா?"

சொன்னேன். தலையாட்டிவிட்டு இறங்கிப் போனார்.

நான் சொன்ன அந்த ஒரு வரியை இங்கே அழித்துவிட்டேன். எனக்கு எத்தனை மைனஸ் என்று நீங்கள் போட்டுக்கொள்ளுங்கள்.